தாய்வீட்டில் ஒரு வெளிநாட்டுக்காரி

என் மகள் வயிற்றில் இருந்தவரை மலேசியக்காரியாகத்தான் இருந்தாள். வெளியே வந்த நிமிடமே இந்தியக்காரியாகிவிட்டாள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. மலேசிய ஆணுக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் அது மலேசியப் பிள்ளை. மலேசியப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே பெற்றால், பிள்ளை அப்பாவின் நாட்டுக் கணக்கில் போய்விடும். அப்புறம் நாம் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். அதே பிள்ளையை நான் மலேசிய மண்ணில், எங்கள் ஊர் கிள்ளானில் பெற்றிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் திருச்சிக்காரர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலையாக வந்தவர், கடைவாய்ப் பல் வலியென்று பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பல் கிளினிக்குக்கு வந்தார். பல்லைப் பிடுங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி, ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது நானும் கூடப் போனேன். இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு இங்கேயே வந்துவிடலாம் என்பது பேச்சு.

போன இடத்தில் உண்டானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவர்களுக்கும் வழக்கம், எங்களுக்கும் வழக்கம். சம்பிரதாயமும் சட்டமும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றனவே என்று எனக்குப் பெரிய நிம்மதி. ஏழாம் மாதம் வளைகாப்பு, கையோடு விமானம், கிள்ளானில் பிரசவம் என்று எல்லாம் முடிவாயிற்று. வளைகாப்புக்கு நாளும் குறித்தார்கள். அந்த வாரம் பார்த்து என் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். வீட்டில் தீட்டு. அந்த மாதத்தில் அதற்குப் பிறகு நல்ல நாள் அமையவில்லை.

"அதனால என்ன அத்தை, எட்டாம் மாசம் வெச்சுக்கலாமே," என்றேன்.

"எட்டா? ரெட்டைப்படை மாசத்துல யாராவது வளையல் போடுவாங்களா? ஒன்பதுல வெச்சுக்கலாம், இரு."

"அப்ப வளைகாப்பே வேணாம். நான் கிளம்புறேன்."

"நல்லா இருக்கே கதை! வளையல் போடாம தலைச்சம்பிள்ளைக்காரிய அனுப்பி வெச்சா ஊரு என்னைக் காறித் துப்பாதா? உங்க அம்மாதான் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

என் அம்மா என்ன நினைத்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்குப் போன் போட்டால், "வளையலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ ஏறி வா லா!" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கத்துவாள். போனை மாமியாரிடம் கொடுத்தால் போதும், குரல் குழைந்துவிடும். "நீங்க பார்த்து எப்படி செஞ்சாலும் சரிதான் சம்பந்தி. உங்க வீட்டு முறை எப்படியோ, அப்படியே செய்ங்க." பெண்ணைக் கொடுத்தவள் வாய் திறந்து மறுக்கக் கூடாதாம். இரண்டு சம்பந்திகளும் ஒருவர் மரியாதையை மற்றவர் காப்பாற்றினார்கள், நடுவில் நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றேன். என் கணவர் அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் தலையாட்டினார்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் விமரிசையாக வளையல் அடுக்கினார்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கி டிக்கெட்டும் போட்டிருந்தோம். அந்த வாரம்தான் கொரோனாவுக்குப் பயந்து ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்தியது. முதலில் மலேசியா, பின்னாலேயே இந்தியா. விமானம் நின்றது. மாட்டிக்கொண்ட மலேசியர்களை அழைத்துப்போக ஒரு சிறப்பு விமானம் வருகிறது என்று கேள்விப்பட்டு, அலைந்து திரிந்து ஒரு எண்ணைப் பிடித்தேன். பேசிய பையன் கிள்ளான் பேச்சில்தான் பேசினான். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தனை மாசம் க்கா?"

சொன்னேன்.

"சோரி க்கா. அவ்ளோ மாசத்துல ஏத்த மாட்டாங்க லா."

வளையல்களைக் கழற்றிச் சுவரில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. பிரசவம் வரை கழற்றக் கூடாதாம். கையைத் தூக்கினால் கலகல, தலை சீவினால் கலகல. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்திரையில், திருச்சியில், என் மகள் பிறந்தாள். என் அம்மா கிள்ளானில் போன் திரையை முத்தமிட்டுக் கண்ணாடியை எச்சிலாக்கினாள்.

அதற்குப் பிறகு மலேசிய அதிகாரிகளிடமிருந்து நான் கேட்ட வாசகம் ஒன்றுதான். நீங்கள் வரலாம், குழந்தைக்கு அனுமதி வேண்டும். நான் குடிமகள், எப்போது வேண்டுமானாலும் என் நாட்டுக்குள் வரலாம். அவள் இந்தியக் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், வர வேண்டிய வெளிநாட்டுக்காரி. அந்தக் கடப்பிதழை எடுப்பதற்கே அலுவலகங்கள் திறக்கும்வரை காத்துக் கிடந்தோம். பிறகு அனுமதி கேட்டு மனு, பதில் இல்லை, மறுபடி மனு. ஒருநாள் போனில் என் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, பால் குடிக்கிற பிள்ளைய இங்க போட்டுட்டு நான் மட்டும் வரவா?"

"புரியுது மேடம். ஆனா பேபி ஃபோரினர்."

அந்த ஃபோரினர் என் தோளில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் பால் வழிந்து என் நைட்டியெல்லாம் ஈரம்.

ஒருவழியாக அவளுக்கு அனுமதி கிடைத்தது. அவள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு, முகக்கவசத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் திரையும் போட்டுக்கொண்டு, நான் தனியாக ஏறினேன். கோலாலம்பூரில் தனிமைப்படுத்தும் ஹோட்டல். சன்னல் திறக்காது. கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே நான் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் கிள்ளானே வந்திருக்கும். என் மகள் அந்தக் கம்பளத்தில்தான் தவழக் கற்றுக்கொண்டாள்.

கிள்ளான் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் குடியுரிமை மனுவுக்கு நேரம் வாங்கினேன். அப்போதெல்லாம் எந்த அலுவலகத்துக்கும் முன்பதிவு செய்துதான் போக முடியும். ஒருத்தருக்கு மேல் விடமாட்டார்கள். வாசலில் ஒரு தமிழ்க் காவலாளி, கையில் சூடு பார்க்கும் கருவியோடு நின்றார். எனக்குப் பார்த்தார், சரி என்றார். குழந்தையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"பிள்ளைங்கள உள்ள விட முடியாது லா க்கா. கொரோனா ரூல்."

"அண்ணே, மனுவே இவளுக்குத்தான்!"

"நீங்க போங்க. பிள்ளைய யார்கிட்டயாவது கொடுத்துட்டுப் போங்க."

"பிள்ளைய நேர்ல காட்டணும்னு போட்டிருக்காங்க அண்ணே. பாருங்க."

அவர் நான் நீட்டிய தாளைப் படித்தார். தலையைச் சொறிந்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஓர் அதிகாரி அம்மையார் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் இந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார், புன்னகைத்தார், கையசைத்தார். பிள்ளையும் கையசைத்தது. பிறகு அவளை வெளியே காரில் இருந்த என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்த அம்மையார் நல்லவர்தான். எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினார். அப்பா எங்கே என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். அவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவரைத்தான் நாட்டுக்குள் விடமாட்டேன் என்கிறீர்களே என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. எல்லை விஷயம் வேறு இலாகா, அவர் வந்ததும் வாருங்கள், ஃபைலைத் திறக்கலாம் என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். தூங்கின பிள்ளை வீறிட்டது. என் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதிலிருந்து நான் நானாக இல்லை. வேலைக்குத் திரும்பியிருந்தேன், கிள்ளானிலிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். போகும்போது செய்தி, வரும்போது செய்தி. எல்லை திறக்குமாம், திறக்காதாம், அந்த நாட்டுக்கு உண்டாம், இந்தியாவுக்கு மட்டும் கிடையாதாம். நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் போனில். டாக்டர் இரண்டு தரம் திட்டினார். வீட்டுக்கு வந்தாலும் கூடத்துக்கும் கேட்டுக்கும் நடை.

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாத டி. உக்காந்து ஒரு வாய் சாப்பிடு," என்பாள் அம்மா.

"உங்களாலதான் எல்லாம். 'உங்க வீட்டு முறை எப்படியோ அப்படியே செய்ங்க சம்பந்தி'ன்னு யாரு சொன்னா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். பாத்திரம் மட்டும் உருளும். நான் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்துக் கிளினிக் முகப்பில் இருந்த பெண் கடப்பிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் அடையாளக் கார்டைப் பார்த்தாள். "யாரோட பிள்ளைங்க இது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். "என்னோடதுதான், வேற யாரோடது? கண்ணு தெரியலையா?" என்று எகிறினேன். அவள் பயந்துபோனாள். பிறகு வெட்கமாகப் போய், வெளியே வந்து அழுதேன். பிள்ளைக்கு எல்லாம் என் ஜாடை, அந்தப் பரந்த நெற்றி உட்பட. அது எந்தப் பத்திரத்திலும் ஏறாது.

எல்லை திறந்ததும் அவர் வந்தார். அதற்குள் பிள்ளைக்கு நடை, ஓட்டம், பேச்சு எல்லாம் வந்திருந்தது. முதல் இரண்டு நாள் அவரைப் பார்த்தால் என் அம்மா வீட்டில் கட்டும் கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் நாள் அவர் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டார், ஃபைல் திறந்தது, மனு போயிற்று. மனைவி குடிமகள் என்பதால் அவருக்கும் தங்குவதற்கு ஒரு பாஸ் கிடைத்து இங்கேயே வேலை தேடிக்கொண்டார். அப்புறம் காத்திருப்பு. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். பரிசீலனையிலேயே அவளுக்குப் பால்பல் எல்லாம் முளைத்தது. தெருவில் எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி, என்னைவிட நன்றாக மலாய் பேச ஆரம்பித்தாள். பாலர் பள்ளியில் சேர்த்தோம். ஏழு வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டும், அதற்குள் குடியுரிமை வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

பதில் வந்தது. அனுமதிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் மனுச் செய்யலாம் என்றார்கள். என் கணவர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கே புது மனுவுக்கு வேண்டியதை எடுத்து வைத்தேன். அழுவதற்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம்.

இரண்டாவது மனு உள்ளே இருக்கும்போது என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். மூவரும் திருச்சிக்குப் போனோம். பிள்ளை மலேசியாவில் தங்குவதற்கான நீண்டகாலப் பாஸ் அந்த நேரம் பார்த்து முடிந்திருந்தது. திரும்பும்போது அவள் சுற்றுலா வருகிறவளாகத்தான் நுழைய வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமியார் காலில் கட்டோடு படுத்திருந்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலதாம்மா," என்றார் திடீரென்று. "அன்னைக்கு நான் உன்னை விட்டிருந்தா இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?"

இதற்கான பதிலை நான் வருஷக்கணக்காக மனதில் தீட்டி வைத்திருந்தேன். "விடுங்க அத்தை, நீங்க என்ன கொரோனா வரும்னு ஜோசியமா பார்த்தீங்க," என்றேன். கோபம் போய்விடவில்லை. எழுந்து உட்கார முடியாதவரிடம் என்ன சண்டை போடுவது என்றுதான் விட்டேன்.

என் கணவர் அம்மாவுக்குத் துணையாக இன்னும் கொஞ்ச நாள் தங்கினார். நானும் மகளும் மட்டும் திரும்பினோம். விமான நிலையத்தில் குடிமக்கள் தானியங்கிக் கதவு வழியே ஒரு நொடியில் போய்விடலாம். நான் அவளோடு வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். வரிசை நகரவே இல்லை. என் உள்ளங்கை வேர்த்துக் கடப்பிதழ் அட்டை பிசுபிசுத்தது. திருப்பி அனுப்பிவிட்டால்? கேள்வி கேட்டு உள்ளே கூட்டிப்போனால்? முன்னால் நின்றவரின் பெட்டியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் முறை வந்தது. இளவயது மலாய் அதிகாரி, முகத்தில் களைப்பு. அவளுடைய கடப்பிதழைப் புரட்டினார், எட்டிப் பார்த்தார். முகப்பு உயரத்துக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. சிரித்தபடி அவளிடமே கேட்டார்.

"அடிக், பிலா பாலிக் இந்தியா?"

பாப்பா எப்போது இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறார். சுற்றுலா வரும் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் மலாயில் 'பாலிக்' என்றால் திரும்பிப் போவதும் அதுதான், வீடு வந்து சேர்வதும் அதுதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நுனிக்காலில் எழும்பி, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்ற குரலில் சொன்னாள்.

"சாயா டா பாலிக் லா!"

நான்தான் வீட்டுக்கு வந்துட்டேனே.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து முகப்பில் இருந்தவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று மலாயில் என்னிடம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்திக் கடப்பிதழை அவள் கையிலேயே கொடுத்தார். முத்திரையில் வருகையாளர், முப்பது நாள் என்று இருந்தது.