என் மனைவி உள்ளே வந்தால் ஜட்ஜ் எழுந்து நிற்கிறார்

போன வாரம் ஒரு மதிய வேளை. நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டுக்கு எதிரே, இடுப்பில் இரண்டு வயது மகள், கையில் சாப்பாட்டுப் பை, காலைக் கட்டிக்கொண்டு நாலு வயது மகன்… இந்தக் கோலத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, சொந்த மனைவியை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒருநாள் ஜூரி கடிதம் வரும். அல்லது, அதைவிட மோசம், உங்கள் மனைவிக்கு வரும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. எனக்கும் எஸ்தருக்கும் ஒரே நாளில், ஒரே ஹாலில்தான் அமெரிக்க சிட்டிசன்ஷிப் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையைத் தூக்கி, ஒரே உறுதிமொழியைச் சொன்னோம். இன்டர்வியூவுக்கான கேள்விகளை எல்லாம் மனப்பாடம் செய்தது யார்? நான். அவளை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னது யார்? அதுவும் நான். சின்ன வயதில் வக்கீல் ஆக ஆசைப்பட்டு, அப்பாவுக்குப் பயந்து இன்ஜினியரிங்கில் சேர்ந்தது யார்? சரி, அதை விடுங்கள். கோர்ட்டிலிருந்து தபால் வந்தது என்னவோ அவள் பெயருக்கு.

பொறாமை அன்றைக்கே பிள்ளையார்சுழி போட்டுவிட்டது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. இங்கே பல வழக்குகளில் முடிவு சொல்வது ஜட்ஜ் இல்லை. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, வரிசையாக உட்காரவைத்து, இரண்டு தரப்பையும் கேட்கச் சொல்லி, 'நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்' என்று அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். அதுதான் ஜூரி. குடிமக்களின் கடமை.

கடமை என்றதும் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வோம்? தப்பிக்க வழி தேடுவோம். சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். யோசனைகள் மளமளவென்று வந்து விழுந்தன.

"குழந்தைங்களைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு போடுங்க பிரதர், உடனே விட்டுடுவாங்க."

"இங்கிலீஷ் அவ்வளவா வராதுன்னு சொல்லச் சொல்லுங்க."

இரண்டாவது யோசனையைச் சொன்னவர், நாள் முழுக்க அமெரிக்கர்களுக்கு ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் கொடுத்தே சம்பளம் வாங்குகிறவர்.

முதல் யோசனை எனக்குப் பிடித்தது. லேப்டாப்பைத் திறந்து, கடிதத்தில் இருந்த எஸ்தரின் நம்பரைப் போட்டு கோர்ட் வெப்சைட்டுக்குள் போனேன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் என் மனைவி என்கிற முறையில் டிபெண்டன்ட் விசாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுடைய எல்லா ஃபார்மையும் நிரப்புவது நான்தான். விசா, கிரீன் கார்டு, பல் டாக்டர் வரைக்கும். கேள்வி அவளுக்கு, பதில் என்னுடையது. எங்கள் வீட்டில் மட்டுமா? நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவின் அபார்ட்மென்ட்களில் எந்தக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான்.

"என்ன பண்றீங்க?" பின்னால் எஸ்தர்.

"உனக்கு எக்ஸ்கியூஸ் போட்டுட்டு இருக்கேன்."

"யாரு கேட்டா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "இல்ல… ரெண்டு குழந்தைங்க இருக்கே?"

"அதுங்களுக்கு அப்பா இல்லையா? நான் போறேங்க."

ஒரு கோரிக்கையை இங்கே பதிவு செய்கிறேன். அமெரிக்க அரசு நம்மவர்களை ஜூரிக்குக் கூப்பிடுவதாக இருந்தால், ஊரிலிருந்து மாமியாரோ அம்மாவோ வந்து தங்கியிருக்கிற அந்த ஆறு மாதத்தில் கூப்பிடட்டும். எங்களுக்கு வந்ததோ, என் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போன மறு வாரம்.

இருந்தாலும் நான் தைரியமாகத்தான் இருந்தேன். கூப்பிடுகிற எல்லாரையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கேள்வி கேட்டு வடிகட்டுவார்கள், மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தாள், மார்பில் ஜூரர் பேட்ஜோடு!

"வீட்ல ஏதாவது கஷ்டம் இருக்கான்னு ஜட்ஜ் கேட்டாருங்க. சின்னக் குழந்தைங்க ரெண்டு, அவங்க அப்பா பாத்துப்பாருன்னு சொன்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க என்னைக் கேட்டுட்டா எக்ஸ்கியூஸ் போடப் போனீங்க?"

அப்பீலுக்கு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பீரோவின் அடியிலிருந்து ஒரு கறுப்பு பிளேசர் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், சென்னையில் டெஸ்டிங் டீமில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். நான் அதைப் பார்த்ததே இல்லை. டிராவல் மக்கில் காபியை ஊற்றிக்கொண்டு, குழந்தைகளுக்கு முத்தம், எனக்கு ஒரு டாட்டா. கதவு சாத்தப்பட்டது.

இந்தப் பக்கம் நான்.

மகன் ரூபனின் ப்ரீ-கே மழலைப் பள்ளி அரை நாள்தான். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் திரும்பக் கூட்டிவரும் நேரம் வந்துவிடும். நடுவில் மீட்டிங். மகள் லிடியா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் கால்விரல்களுக்கு கிரேயானால் கலர் அடிக்கிறாள். மேலே நான் புராஜெக்ட் எப்போது முடியும் என்று விளக்குகிறேன். அப்போதுதான் பாத்ரூமிலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"அப்பா! ஐ ஆம் டன்! கம் வைப் மீ!"

மியூட் போட்டிருந்தேனா? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மட்டும் பெருந்தன்மையாக, "கோ, கோ" என்றார்.

அதே நேரத்தில் எஸ்தர் என்ன செய்துகொண்டிருப்பாள்? ஏசி ஹாலில், மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். காபி சூடாக இருக்கும்போதே குடிப்பாள். பாத்ரூமுக்குத் தனியாகப் போவாள்… தனியாக! அவள் தோளில் யாரும் மூக்கைத் துடைக்க மாட்டார்கள். இதையெல்லாம் நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் குட்டித் தூக்கம் இருக்கிறதே, வக்கீல்கள் வாதாடும்போது கண்ணைத் திறந்தபடியே போடுகிற தூக்கம், அது எனக்கு அல்லவா கிடைத்திருக்க வேண்டும்?

சாயங்காலம் வந்தவளின் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

"என்ன கேஸ்?"

"சொல்லக் கூடாதுங்க."

"கொலையா?"

"கேஸ் முடியற வரைக்கும் வீட்ல கூடப் பேசக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லியிருக்காரு."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

"பத்திரிகைக்கு எழுதறவர்தானே நீங்க?"

எதிர்வீட்டுக்காரி இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் வாங்கிய கதையைக்கூட விடாமல் சொல்கிறவள் எஸ்தர். அவளிடம் இப்போது ஒரு ரகசியம். அது எனக்குத் தெரியாது, ஆனால் முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்குத் தெரியும். அவர்களைப் பற்றி மட்டும் தாராளமாகச் சொன்னாள். டேவ் என்று ஒருவர், ஸ்கூலில் பி.டி. வாத்தியார், எல்லாருக்கும் பனானா பிரெட் செய்து கொண்டுவந்தாராம். டேவ் ஒரு ஜோக் சொன்னாராம். டேவுக்கும் நாலு வயதில் பையனாம்.

டேவ், டேவ், டேவ்.

"இன்னொண்ணு தெரியுமா? நாங்க உள்ள வரும்போது எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். வக்கீலுங்க, போலீஸ் எல்லாரும். எங்க ஜட்ஜ்கூட எந்திரிச்சுடறாரு!"

நான் உள்ளே நுழைந்தால் ஆபீஸில் ஆட்டோமேட்டிக் லைட்கூடச் சில நாள் எரிவதில்லை.

இது வெறும் காபிப் பொறாமையாக இருந்திருந்தால் நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடியில் ஒரு பயம் இருந்தது. இந்தக் கேஸ் இந்த வாரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு பிளேசர் பழையபடி பீரோவின் அடிக்குப் போகும். மறுபடி டயப்பர், லஞ்ச் பாக்ஸ், மிச்சம் வைத்த இட்லி. அன்றைக்கு எஸ்தர் இந்த வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பாளே… அப்போது என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. தயிர்சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, டப்பாவில் அடைத்து, இரண்டு குழந்தைகளையும் கார் சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன், தப்பா? எந்தக் கோர்ட்டிலும் இது செல்லும். உள்ளே என்ன நோக்கம் என்பது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

தூணுக்குப் பின்னால் நின்றது அப்போதுதான். எதிரே மர பெஞ்சில் பேட்ஜ் போட்ட ஒரு கும்பல் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் எஸ்தர். கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்கிறாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தாடி வைத்த ஒரு ஆறடி ஆள் — வேறு யார், டேவ்தான் — கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

"அம்மா!" ரூபன் என் காலை விட்டுவிட்டு ஓடினான். வேவு பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

எஸ்தர் பதறி எழுந்தாள். "என்னங்க! யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல, இல்ல… சாப்பாடு கொண்டுவந்தேன்."

"நான் சாப்பிட்டுட்டேனே."

கையில் டப்பாவோடு அந்த இடத்தில் நின்று பாருங்கள், தெரியும்.

"அம்மா, ஆர் யூ தி ஜட்ஜ்?" என்றான் ரூபன்.

"இல்லடா கண்ணு, அம்மா ஜூரி."

டேவ் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான். "யூ ஆர் எ லக்கி மேன்! உன் மனைவி இருக்கிறாளே, ஹிலேரியஸ்! வீட்டில் உனக்குச் சிரித்து முடிக்கவே நேரம் இருக்காதே?"

எஸ்தர், ஹிலேரியஸ்! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்தத் தகவல் எனக்கு வந்து சேரவில்லை. "ஆமாமா, எப்பவும் சிரிப்புதான்" என்று சமாளித்தேன். எஸ்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உருளைக்கிழங்கு வறுவலை டேவ் சாப்பிட்டான். நன்றாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை கேஸ் முடிந்தது. சனிக்கிழமை காலை, குழந்தைகள் கார்ட்டூனில் மூழ்கியிருக்க, துவைத்த துணி மலையை நடுவில் போட்டுக்கொண்டு இருவரும் மடிக்க உட்கார்ந்தோம்.

"இப்பச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. யாரோ ஒருவர் அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டில் ஐஸில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தப்பு அபார்ட்மென்ட்காரர்கள் மேலா, பார்த்து நடக்காத இவர் மேலா? அவ்வளவுதான் கேஸ். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்காகவா ஒரு வாரம்?

"கடைசியில ஆறு பேரை ரூம்ல விட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. மத்தவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. விழுந்தவர் மேலதான் தப்புன்னு. அப்புறம் டேவ் என் பக்கம் திரும்பி, 'எஸ்தர், நீ என்ன நினைக்கிறே?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

ரூபனின் சட்டையை மடித்து, நீவி, ஓரமாக வைத்தாள்.

"உடனே ஒண்ணும் சொல்லலைங்க. பக்கத்துல திரும்பிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"நீங்க சொல்வீங்கன்னு."

நான் கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"பழக்கம்தானே? யாராவது என்னை ஏதாவது கேட்டா நீங்கதானே சொல்வீங்க. அங்க பாத்தா நீங்க இல்ல. அஞ்சு பேரும் என்னையே பாத்துட்டு இருக்காங்க. அப்புறம் நானே பேசினேன். எனக்கு அப்படித் தோணலை, குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு அந்த மாதிரி ஐஸ்ல தினமும் நடக்கறவ நான்னு ஆரம்பிச்சேன். ரொம்ப நேரம் பேசினேங்க."

"யாரும் குறுக்க பேசலையா?"

"இல்ல… கேட்டாங்க." அவளுக்கே இன்னும் நம்ப முடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. "மறுபடி எல்லாரும் யோசிச்சாங்க. அபார்ட்மென்ட்காரங்க மேலதான் தப்புன்னு முடிவாச்சு."

உள்ளேயிருந்து லிடியா அழ ஆரம்பித்தாள். எஸ்தர் எழப்போனாள். நான் முந்திக்கொண்டு எழுந்து போனேன். எனக்கு அந்த நேரத்தில் அங்கிருந்து எழுந்து போக ஒரு காரணம் தேவைப்பட்டது.

திரும்பி வந்தபோது அவள் அந்தக் கறுப்பு பிளேசரை ஹாங்கரில் மாட்டிக்கொண்டிருந்தாள். பீரோவின் அடியில் இல்லை, கதவைத் திறந்தால் முதலில் கைக்கு வருகிற இடத்தில். அது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். பதிலும் எனக்கே தெரியும் என்று தோன்றியது. அந்தப் பதிலை விழுங்கிவிட்டு, கேள்வியை மட்டும் கேட்டேன்.

டேவின் பனானா பிரெட்டைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் என் மனைவி மனதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்களே ஐந்து பேர்… அந்த ஐந்து பேர் மேல் இன்றுவரை எனக்கு வயிற்றெரிச்சல்தான்.