ஹோர்சன்ஸ் வீட்டில் ஒரு கிரேக்க வாக்கெடுப்பு

நல்லது என்று எதைக் காட்டினாலும் "அது கிரேக்கரிடமிருந்து வந்தது" என்று முடிக்கிற ஒரு டீச்சரிடம்தான் நான் டெனிஷ் படித்தேன். பள்ளிக்கூடம் கிரேக்கர் தந்தது. நாடகம் கிரேக்கர் தந்தது. வைத்தியர் எடுக்கிற சத்தியம் அவர்களுடையது. பொலிஸ் என்ற சொல்லும் அவர்களுடையதுதானாம். அதைக் கேட்டதும் கிரேக்கர் மேல் எனக்கிருந்த கொஞ்ச நல்லெண்ணமும் போய்விட்டது. பொலிசுக்கும் ஆமிக்கும் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவனுக்குச் சொல்லுகிற கதையா இது? விட்டால் புட்டும் சம்பலும்கூட ஏதென்சிலிருந்து வந்தவை என்பார்.

நல்ல மனுசி, அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை முடிந்து நேரே வகுப்புக்கு வரும் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தருவார். ஆனால் யாராவது காரணமில்லாமல் அன்பாக இருந்தால் எனக்கு உடனே ஒரு யோசனை ஓடத் தொடங்கிவிடும். ஒருநாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நின்ற வெள்ளைத் தூண்களைக் காட்டினார். கிரேக்கப் பாணியாம். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறும் பொந்து.

பிறகு சட்டம் பற்றிய பாடம் வந்தது. அரசனுக்கும் மேலே சட்டம் என்ற எண்ணத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் கிரேக்கர்கள், அதன்படிதான் டென்மார்க் நடக்கிறது என்றார். நான் கையை உயர்த்தி, "மந்திரிக்கும் அந்தச் சட்டம்தானா?" என்று கேட்டேன். "நிச்சயமாக. மந்திரிகளை விசாரிக்க எங்களிடம் தனி நீதிமன்றமே இருக்கிறது. நெடுங்காலமாக அதற்கு வேலையே வரவில்லை" என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எதையும் தட்டிப் பார்க்கிற நானும் அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பின்னாளில் தமிழர் வழக்கு என்று நாடு முழுக்கப் பேசப்பட்ட விசயம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் என்ற நகரத்தில் ஒரு பழைய வீட்டில் ஏழு ஆண்கள் இருந்தோம். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. எல்லாரும் மனைவி பிள்ளைகளை இலங்கையிலிருந்து கூப்பிட்டெடுக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தபால்காரனின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு டெனிஷ் கொஞ்சம் சுறுக்காகப் பிடிபட்டதால், மற்றவர்களுடைய விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பினேன். அலுவலகத்துக்குக் கூடப் போய் மொழிபெயர்த்ததும் நான்தான். என் விண்ணப்பம் மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சில மாதங்கள் முந்திப் போயிருந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டிக்கொண்டே டீச்சர் சொன்ன இன்னொரு கதையை வீட்டில் எடுத்துவிட்டேன். ஏதென்சில் வருசத்துக்கு ஒருமுறை, யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமா என்று சனங்களிடம் கேட்பார்களாம். வேண்டுமென்றால், ஆளுக்கொரு உடைந்த பானைத் துண்டில் ஒரு பெயரைக் கீறிப் போடவேண்டும். எவருடைய பெயர் அதிகம் விழுகிறதோ அவர் பத்து வருசத்துக்கு வெளியே. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, மறுமொழி சொல்ல இடம் இல்லை.

"நல்ல சனநாயகம்!" என்று பெடியள் சிரித்தார்கள். வீட்டில் மூத்தவர் சிரிக்கவில்லை. அவர் மன்னார்க்காரர், மனைவியையும் ஒரு மகளையும் விட்டுவிட்டு வந்தவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணை.

"காரணம் சொல்லத் தேவையில்லையோ தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. பேர் மட்டும்தான்."

"ம்" என்றுவிட்டு வெங்காயம் வெட்டப் போனார்.

சில கிழமைகள் கழித்து என் மனைவிக்கு அனுமதி வந்தது. மற்ற ஆறு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. முதல் நாள் கட்டிப்பிடித்தார்கள். இரண்டாம் நாள் அடுப்படிக்குள் நான் போனால் கதை நின்றது. எனக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும், ஊரில் பழகியது. ஆமி எங்களை வரிசையாக நிறுத்திவைக்கும். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் வாகனத்துக்குள் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். தலையாட்டி என்போம். அந்தப் பார்வையைத் தாங்கள் விட்டுவிட்டு வந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தரும் விட்டுவிட்டு வரவில்லை.

அவர்களுடைய கணக்கு மிகவும் நேரானது. மூத்தவர் ஒருநாள் என் முகத்தைப் பாராமலே அதைச் சொன்னார். "டெனிஷ்காரன் சட்டத்தை மீறமாட்டான். சட்டப்படி எங்கட ஆக்கள் இதுக்குள்ள வந்திருக்கவேணும். வரேல்லை எண்டால், ஆரோ எங்களைப் பற்றி என்னவோ சொல்லிப்போட்டான்."

கொழும்பில் இப்படி நடந்திருந்தால் அரசாங்கத்தைத் திட்டியிருப்போம். இங்கே திட்ட அரசாங்கம் கிடைக்கவில்லை. அது கிரேக்கர் காலத்திலிருந்தே யோக்கியமாய் இருந்தது. ஆகையால் பழி எங்களுக்குள்ளேயே ஒருத்தனைத் தேடியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் சோற்றுச் சட்டி, பக்கத்தில் சிகரெட் பெட்டிகளைக் கிழித்த அட்டைத் துண்டுகள். என் கையிலும் ஒன்றைத் தந்தார்கள். அடப் பாவிகளே, என்று மனதுக்குள் கத்தினேன். வாயால், "என்ன குற்றம் எண்டு சொல்லுங்கோவன்" என்று மட்டும் கேட்டேன்.

"குற்றம் ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார் மூத்தவர். "குற்றம் சொல்லத் தேவையில்லை எண்டு நீதானே சொன்னனி."

நான் வெறும் துண்டைப் போட்டேன். எண்ணினார்கள். இன்னும் ஒரு துண்டு வெறுமையாக இருந்தது. மற்றவற்றில் எல்லாம் என் பெயர், டெனிஷ் எழுத்தில், பெரிதாக, ஒவ்வொன்றாக. தமிழில் எழுதினால் கையெழுத்து பிடிபட்டுவிடும் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளை எழுத அவர்களுக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்! சண்டை பிடித்திருக்கலாம். சண்டை பிடித்தால் குற்றவாளிதான் என்பார்கள், பேசாமல் போனாலும் அதையேதான் சொல்வார்கள். பேசாமல் போனேன்.

என் மனைவி வந்து இறங்கியபோது, ஒரு நிலவறை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். கதை பக்கத்து நகரமான கோல்டிங் வரைக்கும் போயிருந்தது. பஸ்சில் எங்கள் ஆட்கள் சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தார்கள். வெளியே ஒன்றும் இராது. மகன் பிறந்தபோது ஒரு தமிழ்ச் சனமும் எட்டிப் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் பின்னிய தொப்பி ஒன்று கொண்டுவந்தார். எனக்கோ வேறு வேலையில்லை. ஆறு பேரையும் ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி, யார் எழுதாதவன் என்று தேடுவேன். இவன் அன்றைக்குக் கீழே பார்த்தான். அவன் தேத்தண்ணி தந்தான், நஞ்சு மனம் உள்ளவன்தான் தருவான். இப்படியே போகும்.

ஒருநாள் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள். "நீங்கள் உண்மையா ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"நீயுமோ?" என்றேன்.

"இல்லை, சும்மா கேட்டனான்" என்றாள். இந்த உலகத்தில் சும்மா கேட்கிற கேள்வி என்று ஒன்று இல்லை. துரோகி என்ற அந்தப் பெயரை ஒருவராவது என் முகத்துக்கு நேரே திருப்பி எடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் செத்தாலும் சாவேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

மற்றவர்கள் இன்னும் அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில்தான் மன்னாரில் மூத்தவருடைய வீட்டில் ஷெல் விழுந்து அவருடைய மனைவி போய்விட்டார். மகள் உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பினாள். அவருக்காக இங்கே வைத்த பூசைக்குப் போனேன். தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தேன். அவர் என்னைக் கடந்து வெளியே போனார். கண்கள் என் மேல் பட்டன, நிற்கவில்லை.

பிறகுதான் விசயம் வெடித்தது. மந்திரியே, சட்டத்துக்கு எதிரென்று தெரிந்தும், எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை இழுத்தடிக்கச் சொல்லியிருக்கிறார். நான் முந்திக் கொடுத்தது மட்டும் அந்த வலையில் சிக்கவில்லை. விசாரணை தொடங்கியது, அரசாங்கமே விழுந்தது, வேலையே வராத அந்த நீதிமன்றத்துக்கும் கடைசியில் வேலை வரும் என்றார்கள். வழியில் கண்ட டீச்சர், "பார்த்தீர்களா, சட்டம் வென்றுவிட்டது" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

பழைய வீட்டுக்காரர் ஐந்து பேரும் வந்தார்கள். சேர்ந்து அல்ல, ஒவ்வொருவராக, கேக் பெட்டியோடு. ஒவ்வொருவரும் என் காதுக்குக் கிட்ட வந்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அண்ணை, அந்த வெறுந்துண்டு என்ரை." ஒரு துண்டுக்கு ஐந்து சொந்தக்காரர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கேக்கைத் தூக்கி எறியவும் மனம் வந்தது. மூத்தவர் மட்டும் வரவில்லை. மகளைக் கூப்பிட்டெடுத்துக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குக் குடிபோய்விட்டார் என்றார்கள்.

வராவிட்டால் நான் போவேன் என்று ரயில் ஏறினேன். போகும் வழி முழுக்க, அவரிடம் கேட்கவேண்டியதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிப் பார்த்தேன். கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில். இருக்கச் சொன்னார். இருந்ததும் நேரே கேட்டேன்.

"அண்ணை, நான் இல்லையெண்டு இப்பவாவது தெரியுதோ?"

"அது எனக்கு முந்தியே தெரியும்" என்றார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"அவள் செத்த அண்டைக்கு. ஒரு உயிர் போற அளவுக்குச் செய்ய உன்னாலை ஏலாது எண்டு விளங்கீற்று." கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "ஆனாலும் நீயாய் இருந்திருந்தால் நல்லம் எண்டு நினைச்சனான் தம்பி. நீ எண்டால் வந்து அடிச்சிருப்பன். நல்லா அடிச்சிருப்பன். இப்ப நான் ஆரைப் போய் அடிக்கிறது?"

"என்னையே அடியுங்கோ அண்ணை" என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அடித்துவிடுவார் என்ற சந்தேகம் அப்போதும் எனக்கு இருந்தது.