கால் ஏலாத பிள்ளை

பிள்ளைகளே, நீங்கள் பிறக்க முந்தி, சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. நான் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளம் ஓட்டினேன்.

அன்று கண்ணாடி போலக் கடல். அம்மன் கோயிலுக்கு வந்த ஒரு பெண் வள்ளத்திலேயே செருப்பைக் கழற்றினார். விரல்கள் கோணி, நகமில்லாமல் இருந்தன. சண்டையில் செல் குண்டு பட்ட கால் என்று நினைத்துவிட்டேன். துறை வந்ததும், "வழி விடுங்கோ, கால் ஏலாத பிள்ளை" என்று சத்தம் போட்டு, தூக்கி இறக்கக் கை நீட்டினேன்.

அவர் சிரித்தார். "அண்ணை, இது 'பலே' எண்ட மேல்நாட்டு நடனம் ஆடின கால். இருபது வருசமா ஒரு குழுவோட நாடு நாடா விரல் நுனியில நிண்டு ஆடினனான். இனி அந்தக் குழுவை நடத்துறது என்ர பொறுப்பு. மற்றவை ஆட, நான் பாத்துக்கொண்டு இருக்கவேணும். அதுக்குத் தைரியம் கேக்க வந்தனான்."

இறங்கியதும் ஒருமுறை விரல் நுனியில் எழும்பி நின்றார். அலைகூட அசையாதது போலிருந்தது.

எல்லாரும் போனபின், வெறும் வள்ளத்தில் கூரைக் கம்பியைப் பிடித்து நானும் குதிக்காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம்கூட நிற்க ஏலவில்லை.