பார்மா வெர்னன் லைனில் இருக்கிறார்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, வெர்னன் ஹ்ரூஷ்கா காத்திருக்கிறார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் டார்ச். தண்ணீர் எப்போது வரும் என்று, குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்ட வீட்டுக்கார அம்மாள் கேட்டால் ஸ்பேனரையே உதட்டில் வைத்து "உஷ்" என்கிறார். பார்மாவை ஒட்டிய பெருநகரமான கிளீவ்லண்டின் காலை நேர விளையாட்டு வானொலியில் அடுத்துப் பேசப்போவது அவர்தான்.

"பார்மாவிலேர்ந்து வெர்னன் அண்ணே வந்துட்டாரு. ஊரே காதைப் பொத்திக்கோங்க!" என்று நிகழ்ச்சி நடத்தும் ரிக் குரல் கொடுப்பார். "ஒரே ஒரு விஷயம் தம்பி, சொல்லிட்டு வச்சிடறேன்" என்று வெர்னன் ஆரம்பிப்பார். வைத்ததாகச் சரித்திரமே இல்லை. தடுப்பாட்டம் ஓட்டையென்றால், "வாஷர் தேஞ்சுபோச்சு, மாத்து" என்பார். பயிற்சியாளர் சரியில்லையென்றால், "மெயின் வால்வுலயே கோளாறு. நீ குழாயைத் தட்டி என்ன பண்ணப்போறே?" நாள் முழுக்கத் தனியாகக் குழாய்களோடு மாரடிக்கிற மனிதருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் திருவிழா.

பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க புரொபஷனல் கால்பந்தில் ஒரு வேடிக்கையான நியாயம் உண்டு. கடைசியில் வந்த அணிக்குத்தான் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. எங்கள் ஊருக்கு அது அடிக்கடி கிடைக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கிற கதைதான். வாய்த்தால் ராஜா, வாய்க்காவிட்டால் வீட்டோடு இருந்து தின்பான். போன வருஷம் டகோடா பக்கத்துச் சின்னக் கல்லூரியிலிருந்து வைலி டன்பார் என்ற நெட்டைப் பையனை எடுக்கச் சொல்லி வானொலியில் தொண்டை கிழியக் கத்தியவர் வெர்னன் ஒருவர்தான். அணி அவனையே எடுத்துத் தொலைத்தது. முதல் வருஷம் முழங்கால் போயிற்று. இந்த வருஷம் அவன் எறிந்த பந்தெல்லாம் எதிராளி மடியிலேயே விழுந்தது.

ஊர், அணியின் மேலிடத்தை மறந்துவிட்டு வெர்னனைப் பிடித்துக்கொண்டது. மாதா கோயிலில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டு வரிசையில், "உன் பையன் கையில என்னய்யா, வெண்ணெய் தடவியிருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் காலை வானொலியில் ரிக்கும் சீண்டினார். வெர்னனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பிட்ஸ்பர்க்கை அவன் ஜெயிக்கலேன்னா இந்த நம்பருக்கு இனிமே ஜென்மத்துக்கும் போன் போட மாட்டேன்!"

பிட்ஸ்பர்க் எங்கள் பரம்பரை எதிரி. அந்தப் பருவத்தில் அவர்கள் யாரிடமும் தோற்றிருக்கவில்லை. அதைவிடப் பெரிய இடைஞ்சல், வெர்னனின் மனைவி டார்லீன் பிறந்த ஊரே அதுதான்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்து. காலைல நிம்மதியா காபி குடிப்பேன்," என்றார் டார்லீன்.

"குடிப்பே, குடிப்பே. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியட்டும், அப்புறம் பாரு."

ஞாயிற்றுக்கிழமை டார்லீன் கூடத்தில் டிவியின் முன் உட்கார்ந்தார். வெர்னனுக்குப் பார்க்கிற தைரியம் கிடையாது. சமையலறையில் ரேடியோவோடு கதவைச் சாத்திக்கொள்வார். டிவியைவிட ரேடியோ நாலைந்து நொடி முந்திச் சொல்லிவிடும். இத்தனை வருஷமும் தன் ஊர் ஜெயித்ததைச் சமையலறை அமைதியாவதை வைத்தே டார்லீன் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஆட்டத்தின் கடைசி வீச்சு. கிளீவ்லண்ட் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. டிவியில் டன்பார் நொண்டிக்கொண்டே பின்வாங்கினான். பிட்ஸ்பர்க் தடியன் ஒருவன் அவன் இடுப்பில் தொங்கினான். பந்து இன்னும் கையில்தான் இருந்தது.

சமையலறையில் நாற்காலி விழுந்தது. "புடிச்சிட்டான்! கோட்டுக்குள்ள புடிச்சிட்டான்டீ!"

அதற்குப் பிறகுதான் டார்லீனின் டிவியில் டன்பார் பந்தை எறிந்தான். முடிவு தெரிந்த பிறகும், "விழுடா, விழுந்து தொலைடா," என்று அவர் பந்தைக் கெஞ்சினார். அது விழவில்லை. அழகாகச் சுழன்று போய் ஆள் கையில் உட்கார்ந்தது.

பார்மா பைத்தியம் பிடித்துத் தெருவுக்கு வந்தது. கார்கள் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. மார்கழிக் குளிரில் ஒருவன் சட்டையில்லாமல் பனியில் உருண்டான். கிளீவ்லண்டில் பிறந்தவனுக்கு அதைவிட இன்பம் வேறென்ன இருக்கிறது?

சமையலறையில் வெர்னனின் போன் அடித்தது. கூப்பிட்டது ரிக். "அண்ணே, ஊரே உங்களுக்காகத்தான் காத்திருக்கு! பேசுங்க! இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க!"

வெர்னன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தார். கண்ணும் மூக்கும்தான் ஒழுகின. வாசலில் வந்து நின்ற மனைவியிடம் போனை நீட்டினார்.

டார்லீன் வாங்கினார். "நான் அவர் பொண்டாட்டி, பிட்ஸ்பர்க்காரி. மனுஷன் அழுதுக்கிட்டு இருக்காரு, பேச வரல. காலைல வழக்கம்போலக் கூப்பிடுவாரு. லைனைக் காலியா வைப்பா."

சொல்லிக்கொண்டே, தான் போட்டிருந்த பிட்ஸ்பர்க் ஜெர்சியின் நுனியை இழுத்துப் புருஷனின் மூக்கைத் துடைத்துவிட்டார்.