டீக்கடைக்குப் போன குஞ்சுகள்

அரிமளம் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தபோது எனக்கு வந்த போன்களில் முக்கால்வாசி மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். கோழிக்கென்று கூப்பிட்டால் அது பெரும்பாலும் செத்த பிறகாக இருக்கும். பாண்டியம்மாள் அழுதுகொண்டே கூப்பிட்டபோதும் கழிச்சல் நோய் என்றே நினைத்தேன்.

"டாக்டரு, வெரசா வாங்க. கருப்பி அடையை விட்டு எறங்கப் பாக்குது. மூணு முட்டை இன்னும் பொரிக்கலைங்க."

நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று ஊர் ஊராகச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன். வண்டியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். அடையில் இருந்த கருப்பி இரைக்கு எழுந்துபோன நேரம் பார்த்து, செவலைக்கோழியும் அதே கூடையில் முட்டையிட்டிருக்கிறது. நம் வீடுகளில் இது சகஜம். இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத்துண்டும் மிளகாயும் மறக்காமல் போடுவார்கள். அடை வைக்கும் முட்டைகளில் கரியால் ஒரு கோடு போட மாட்டார்கள். கோடு இருந்தால் பிறகு வந்த முட்டையை அன்றைக்கே அடையாளம் பார்த்து எடுத்துவிடலாம். இப்போது கருப்பியின் குஞ்சுகள் பொரித்து இறங்கிவிட்டன, தாயும் பின்னாலேயே கிளம்புகிறது. செவலையின் முட்டைகளுக்கோ இன்னும் சில நாள் சூடு வேண்டும்.

"எல்லாம் கூமுட்டைங்க. தூக்கி எறியச் சொல்லுங்க" என்றார் அவள் கணவர் சின்னையா. ரோட்டோரம் டீக்கடை வைத்திருப்பவர்.

பாண்டியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "செவலையைத்தான் நாய் தூக்கிட்டுப் போயிருச்சே! எங்க ஆத்தா குடுத்துவிட்ட கோழி வழிங்க அது. ஆத்தாளும் போயிட்டா, அந்த வீட்டையும் வித்தாச்சு. இதையும் எறியவா?"

கதவைச் சாத்தி, செல்போன் டார்ச்சில் முட்டைகளைப் பார்த்தேன். ஒன்று வெறும் தண்ணீராகத் தெரிந்தது. மற்ற இரண்டும் உள்ளே இருண்டு, லேசாக அசைந்தன.

"ஒண்ணு ஒங்க வீட்டுக்காரர் சொன்னதுதான். ரெண்டுல உசுரு இருக்கும்மா."

கருப்பி அடையிலேயே தங்கட்டும் என்று, குஞ்சுகளை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டு அடுப்படியில் வைத்தோம். அவை கத்தின, கருப்பி எழுந்தது. பக்கத்து அறைக்கு மாற்றினோம், அங்கிருந்தும் கேட்டது. காது கேட்காத தூரம் வேண்டும், சூடும் வேண்டும். நான் சின்னையாவைப் பார்த்தேன்.

"கடையிலயா? யாவாரம் என்னத்துக்கு ஆகும்?" என்றபடியே பெட்டியைத் தூக்கினார்.

பகலெல்லாம் குஞ்சுகள் பாய்லர் பக்கத்தில் இருந்தன. கருப்பி மறந்துவிடாமலிருக்க, பொழுது சாய்ந்ததும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் இறக்கைக்கடியில் சொருகிவிடச் சொல்லியிருந்தேன். மறுநாள் நான் போனபோது, டீ குடிக்க வந்தவர்கள் பெட்டியை எட்டிப் பார்க்க, சின்னையா அதட்டிக்கொண்டிருந்தார். "கைய வைக்காதப்பா! இப்பத்தான் குருணை தின்னுட்டு ஒறங்குதுக." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் போன் செய்தவரும் அவர்தான்.

"டாக்டரு, கூமுட்டை கத்துதுங்க! ஓட்டுல கீறல் விட்ருக்கு. உரிச்சு விட்ரவா?"

"தொட்றாதீங்க. உள்ள ரத்தம் வத்தணும். அதுவா வரட்டும்."

நான் போனபோது கடையைப் பூட்டிவிட்டுக் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மத்தியானத்துக்குள் செவலை நிறத்தில் ஒரு குஞ்சு வெளியே வந்தது. மற்றொன்று ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது, அது எனக்கு வருத்தம்தான். பாண்டியம்மாள் ஈரம் காயாத குஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க ஆத்தா வீட்டுலேர்ந்து ஆளு வந்திருக்கு. எல்லாருக்கும் டீ போடுங்க."

முகாம்களில் பேசும்போதெல்லாம், அடை முட்டையில் கரிக்கோடு போடுங்கள் என்றுதான் நான் சொல்லி வந்தேன். தொழில்முறைக்கு அதுதான் சரி, இன்றைக்கும் அதையே சொல்வேன். அன்று மட்டும் கோட்டைப் பற்றி வாயே திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். கோடு போட்டிருந்தால் அந்த முட்டை என்றைக்கோ குழம்பாகியிருக்கும்.