அப்பா குதித்த ஆறு

அப்பா யாருடைய விழாவையும் குழப்பக்கூடிய ஆள் அல்ல. ஒரேயொரு விழாவில் மட்டும் அவர் செய்ததைக் குழப்பம் என்பதா, உதவி என்பதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ரொறன்ரோவுக்கு நான் வந்த புதிது. ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் கமரூன் நாட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. சாவா என்ற கடற்கரைச் சனங்கள். அந்த அங்கிளுக்கும் அப்பாவுக்கும் ஒரே பேக்கரியில் வேலை. பாதி ஆங்கிலம், மீதி கை என்று இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

ஒருநாள் அங்கிள் தங்கள் தண்ணீர் விழாவுக்கு எங்களை அழைத்தார். அவர்களுடைய முன்னோர் தண்ணீருக்கடியில் இருக்கிறார்களாம். ஒருவர் பானையோடு மூழ்கி அவர்களுடைய வாக்கை வாங்கி வருவாராம். அங்கே மார்கழியில் செய்வது. இங்கே மார்கழியில் ஆறு உறைந்துவிடும் என்று ஆவணிக்கு மாற்றியிருந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்கட்டும் என்பது அங்கிளின் ஆசை. அவர்களில் மூத்தவருக்குத்தான் மனமில்லை. இந்த ஆற்றுக்குத் தங்களைத் தெரியாது, வாக்கு வராவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

“எங்கட தீர்த்தத் திருவிழா மாதிரித்தான்” என்று அப்பா அம்மாவுக்கு விளக்கிவிட்டு வேட்டி கட்டினார். ஆற்றங்கரையில் அவர்களுடைய ஆண்களும் இடுப்பில் துணி சுற்றி நின்றது அப்பாவுக்குப் பெரிய திருப்தி.

எல்லோரும் வாய்மூடி நிற்க, வெள்ளை உடுப்போடு அங்கிள் பானையைத் தூக்கிக்கொண்டு மூழ்கினார். குழந்தைகள்கூட அசையவில்லை.

“அரோகரா!”

அப்பா வேட்டியோடு ஆற்றில் குதித்துவிட்டார்.

“ஐயோ, இஞ்சாருங்கோ! ஏறி வாங்கோ! உது எங்கட தீர்த்தமில்லை!” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

“சாமி இறங்கினாப் பிறகு ஆரப்பா கரையில நிக்கிறது?” என்றார் அப்பா, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு. ஊரில் சாமி தீர்த்தமாடியதும் சனமெல்லாம் குதிப்பதுதானே வழக்கம்.

பக்கத்திலேயே அங்கிள் மேலே வந்தார். அப்பாவைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது. பானையை மூத்தவரிடம் கொடுத்தார். மூத்தவர் பானைக்குள் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார். மறுபடியும் காதை வைத்தார். கடைசியில் ஏதோ இரண்டு சொல் சொன்னார். பெண்கள் அழுதுகொண்டே பாடத் தொடங்கினார்கள்.

“என்னவாம்?” என்று அங்கிளின் மகனிடம் கேட்டேன்.

அவன் தோளைக் குலுக்கினான். “ஐ டோன்ட் நோ, மேன்.” அந்தப் பாஷை அவனுக்கும் தெரியாது.

அடுத்த ஆவணியில் மூத்தவரே எங்கள் கதவைத் தட்டினார். தங்கள் ஆண்கள் இடுப்பில் சுற்றும் துணி ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுவந்திருந்தார். இந்த முறையும் வரவேண்டும், அதே இடத்தில் குதிக்கவேண்டும், அதே சத்தம் போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போன வருசப் பிழைக்கு ஆளை மாட்டிவைக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா பயந்தார்.

அப்பா குதித்தார். அவர் கத்தியதும் கரையில் நின்ற சாவாப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து “அரோகரா!” என்றார்கள்.

தங்கள் வழக்கத்தைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்டவர்கள் அப்பாவின் பிழையையும் சேர்த்து ஏன் காப்பாற்றினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டதும் அப்பா ஏன் மறுபடி தண்ணீருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார் என்பதும்தான்.