இசபெல்லைத் தேடி கிளென்ஃபீல்டுக்கு

கல்லறைத் தோட்டத்துக்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம். போன ஜூன் மாதம், மழை விட்ட ஒரு சனிக்கிழமை. என்னோடு வேலை பார்க்கும் பியோனா தன் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைக்கக் கிளம்பினார். பழைய கல்லறைகளைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, அதனால் நானும் ஒட்டிக்கொண்டேன். போய்வந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருக்கும் ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் காலை ஒன்பதரைக்குப் பஸ். நகரத்தில் இறங்கி கிளென்ஃபீல்டுக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். காத்திருப்பையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். போகவர சுமார் பன்னிரண்டு டாலர். இரண்டாவது பஸ் டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“அண்ணா, கல்லறைத் தோட்டம் போகணும். எங்க இறங்கணும்?”

“சவக்காலைக்கோ? ஓம், வாசலடியில இறக்கிவிடுறன். பயப்பிடாம இருங்கோ.”

பஸ்ஸில் பியோனா தன் வீட்டுக் கதையைச் சொன்னார். (அவர் பேசியது ஆங்கிலம்; இங்கே இருப்பது என் தமிழ்.) அவருடைய கொள்ளுப்பாட்டி இசபெல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி ஆக்லாந்து வந்தவர். ஹேமிஷ், ஜீன் என்ற இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி ஓடிவிட்டாராம். ஹேமிஷ்தான் பியோனாவின் தாத்தா. சாகும்வரை அவருக்கு அந்தக் கசப்பு ஆறவில்லை. அவர் மகளுக்கும், அதாவது பியோனாவின் அம்மாவுக்கும், எண்பத்து நான்கு வயதிலும் ஆறவில்லை. இசபெல் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம்.

“அம்மா கண்ணை மூடறதுக்குள்ள, அவ என்ன ஆனான்னு தெரிஞ்சு சொல்லணும்,” என்றார் பியோனா. “ரெண்டு தடவை ஸ்காட்லாந்து போயாச்சு. இசபெல் கேமரன்னு ஒரு கல்லுகூடக் கிடைக்கல.”

“கேமரன் யாரு, அவங்க அப்பாவா?”

“இல்ல, புருஷன். அப்பா வீட்டுப் பேர் மன்ரோ.”

எனக்குச் சுருக்கென்றது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே என் அப்பா பெயர்தான். இந்த ஊர் கிளினிக்கில் என்னைக் கூப்பிடுவதும் அவர் பெயர் சொல்லித்தான். என் கணவர் பெயர் எங்கும் வராது. “விட்டுட்டுப் போனவ, புருஷன் பேரை எதுக்குங்க சுமக்கணும்?” என்று கேட்டேன். பியோனா என்னையே பார்த்தார். ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைகளில் மனைவிகளுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் போட்டிருந்ததாம். பார்த்தாராம், உறைக்கவில்லையாம்.

தோட்டத்தில் அவர் அப்பாவின் கல்லருகே பூவைச் சரிசெய்துகொண்டிருக்க, நான் வழக்கம்போல ஒவ்வொரு கல்லாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனேன். கொஞ்சம் தள்ளி, பாசி படிந்த சின்னக் கல் ஒன்று. ‘இசபெல் மன்ரோ. ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் பிறந்தவர். ஹேமிஷ், ஜீன் இருவரின் தாய்.’

ஐயோ! நான் போட்ட கூச்சலில் பியோனா ஓடிவந்தார். இறந்த வருஷத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப எங்கம்மாவுக்கு இருபது வயசு! இவ எங்கேயுமே போகலையா? இங்கேயேவா இருந்தா?” ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “போன வருஷம்வரைக்கும் அம்மாவும் நானும் வருஷா வருஷம் இந்த வழியாத்தான் நடந்து வந்தோம்.”

ஓடிப்போய்விட்டாள் என்று பிள்ளைகளிடம் யார் சொன்னது, ஏன் சொன்னது, கல்லில் இல்லை. ஆனால் அதைச் சொன்ன வாய்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்ற பிள்ளைகள் ஒரே ஊரில் வளர, இவர் எப்படித்தான் நாளைக் கழித்தாரோ!

அங்கிருந்தே பியோனா அம்மாவுக்குப் போன் போட்டார். கல்லில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினார். “விளையாடாதே,” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

இதுபோல் தேடிக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெண்களைக் கணவன் பெயரில் மட்டும் தேடாதீர்கள். வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும் முன் உள்ளூரை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் கொண்டுபோங்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். பசித்தால் மால் பக்கம்தான். திரும்பி வந்து தலைக்குக் குளிக்க வேண்டுமா என்பது உங்கள் பாடு, நான் குளித்தேன்.

சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் முன்வாசலை நம்ப வேண்டாம், அங்கே படிகள். பின்பக்கம் சாய்வுப் பாதை இருக்கிறது. அது எங்களுக்கே மறுநாள்தான் தெரிந்தது. அன்று காலை பியோனா வீட்டுக்குப் போனபோது அவர் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு பூங்கொத்துகள் இருந்தன.